மேல்மாடிப் பிசாசு

"பிசாசு போகல பாஸ்டர்! முன்னைக்கு இப்ப ஜாஸ்தியால்ல ஆடுது!"

தங்கம் சீட்டை மேஜைமேல் போட்டாள். அவள் குரல் கரகரவென்று வந்தது. இரண்டு வாரமாக அந்தத் தொண்டையை அவள் படுத்தியிருந்த பாடு அப்படி.

மயிலாப்பூரில் இருக்கும் அந்தச் சின்ன சபையின் வாசலில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. யார் வேண்டுமானாலும் தங்கள் கஷ்டத்தை எழுதிப் போடலாம், பெயர் எழுத வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் திறந்து, ஜெபக் குழுவினர் ஆளுக்கொரு சீட்டு எடுத்துக்கொள்வார்கள். எழுதியது யார் என்று துருவக் கூடாது என்பது விதி. பேய், பிசாசு என்று வந்துவிட்டால் மட்டும் சீட்டு நேராகத் தங்கத்தின் கைக்குத்தான் போகும். சாத்தான் பெயரைக் கேட்டாலே அவளுக்கு அப்படி ஓர் ஆவேசம் வரும்.

பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஊதா மை, அதே கையெழுத்து.

'சத்தம் இன்னும் அதிகமாகிவிட்டது. தினமும் விடியற்காலையில் மேல்மாடியில் தொம் தொம் என்று யாரோ குதிக்கிறார்கள். அழுகிற மாதிரியும் அதட்டுகிற மாதிரியும் ஒரு குரல். அது ஆளில்லாத வீடு. ப்ளஸ் டூ படிக்கும் என் பெண் தூக்கமில்லாமல் தவிக்கிறாள். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யப் போகிறோம். - ஒரு அம்மா.'

"பரீட்சை நேரத்துல வீடு மாறணுமா? பாவம்" என்றார் பாஸ்டர்.

"எனக்கு மானமே போகுது பாஸ்டர். எப்பவும் விடியக்காலம் அரை மணி ஜெபிக்கவ, முத சீட்டு வந்ததும் ஒரு மணி நேரமாக்கினேன். சத்தம் கூடிருச்சுன்னு ரெண்டாவது சீட்டு வந்துச்சு. சரிடா, உன்னை விட்டேனா பாருன்னு ரெண்டு மணி நேரமாக்கினேன். அதுக்கு இந்தச் சீட்டு! நான் ஒண்ணு குடுத்தா அவன் ரெண்டு குடுக்கான்."

"அவன் எதிர்க்கத்தான் செய்வான் சிஸ்டர். நாமதான் தாழ்மையா இருக்கணும்."

"தாழ்மையெல்லாம் சரி. இந்த வாரமும் அவன் போகலன்னா குழுவுல இருந்து என் பேரை அடிச்சிருங்க. அந்தப் புள்ள பரீட்சை கெட்டுப்போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வருவேன்?"

சொல்லும்போதே தங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"முதல்ல டாக்டரைப் பாருங்க. உங்களுக்குக் காத்துதான் வருது. இவ்ளோ சத்தமா ஜெபிச்சா வீட்ல பிரதர் ஒண்ணும் சொல்லலையா?"

"அவுகளா? முன்னயெல்லாம் மனுசனத் தூங்க விடுதியான்னு எரிஞ்சு விழுவாக. இப்ப நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குதாக. அதுக்கெல்லாம் ஒரு வழி பண்ணிட்டேன் பாஸ்டர்."

மந்தைவெளி டாக்டர் அவள் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரே போடாகப் போட்டார். "ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது."

போயும் போயும் இந்த வாரமா! இதிலும் சாத்தானே ஜெயித்துவிட்டான் என்று தங்கத்துக்கு அழுகையாக வந்தது. மறுநாள் விடியற்காலை, குறட்டை விடும் கணவர் அய்யாதுரைக்குப் பக்கத்தில், கட்டில் ஓரமாக முழங்கால் போட்டாள். 'ஆண்டவரே, என்னால சத்தம் போட முடியல. இனி நீரே பாத்துக்கிடும்' என்று மனசுக்குள் சொன்னாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. தினமும் அவ்வளவுதான் அவள் ஜெபம்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியில் ஊதா மைச் சீட்டு இல்லை. தங்கத்துக்குப் பக்கென்றது. காலி செய்துகொண்டு போயேவிட்டார்களோ?

அப்போது வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கையில் ரவா லாடு டப்பா.

"நமஸ்காரம். ஊதா மைல எழுதிப் போட்டது நான்தான். பேர் சொல்லப்படாதுன்னு தெரியும், ஆனா மனசு கேக்கலை. ஒரு வாரமா மேல துளி சத்தம் இல்லை! கபாலீஸ்வரர்கிட்டயும் வேண்டிண்டேன், இங்கயும் எழுதிப் போட்டேன். என் பொண்ணு ஹம்சினி நிம்மதியாத் தூங்கறா, நன்னாப் படிக்கறா. ஆத்தைக் காலி பண்ணப் போறதில்லை."

"ஸ்தோத்திரம்!" என்றார் பாஸ்டர். முகமெல்லாம் சிரிப்பு. "உங்களுக்காகப் போராடினவங்க இவங்கதான். சிஸ்டர், இப்படி முன்னால வாங்க!"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பூரிப்போடு முன்னால் வந்த தங்கம், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு மாதத்துக்கு முன்பு தங்கள் கட்டிடத்தின் கீழ் வீட்டுக்குக் குடிவந்த ஜானு!

"அட, தங்கம் மாமி! நீங்களா?" ஜானு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேய்னு சொன்னா சிரிப்பேளோன்னு உங்ககிட்ட சொல்லவே இல்லை. ஆமா, அந்தப் பூட்டின வீட்டுக்கு நேர் எதிர் வீடுதானே நீங்க? உங்களுக்கு ஒரு நாள்கூடவா அந்தச் சத்தம் கேக்கலை?"

டாக்டர் சொன்ன ஒரு வாரம் நாளைக்குத்தான் முடிகிறது. தங்கம் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அசடு வழியச் சிரித்தபடி, கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து லாடு டப்பாவின்மேல் வைத்தாள்.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி எதிர் வீட்டுக்காரர் சிங்கப்பூர் போகும்போது கொடுத்த சாவி அது. அய்யாதுரையின் தூக்கம் கெடாமல் இருக்க, தினமும் விடியற்காலையில் அந்தக் காலி வீட்டுக்குள் போய்த்தான் தங்கம் சாத்தானைத் தொம் தொம் என்று காலால் மிதித்துக்கொண்டிருந்தாள்.