அடுத்த வாரம் கோபி

"ஏனுங்க அம்மணி, அந்தக் கோபியை அடுத்த வாரம் ஊட்டுக்கு அனுப்பி வெச்சிருங்க."

ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தன் வீட்டு வாசலில் வந்து நின்ற பெண்ணை ஆன்மேரிக்கு அடையாளம் தெரியவில்லை. கோபியைத் தெரிந்தது. அவள் வார இதழில் எழுதிவந்த தொடர்கதையின் நாயகன் அவன். மனைவி வெண்ணிலாவோடு சண்டை போட்டுக்கொண்டு அந்த வாரம்தான் வீட்டை விட்டுப் போயிருந்தான். எங்கே போனான் என்று ஆன்மேரிக்கே தெரியாது. நான்கு நாளாக வெள்ளைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். கதை நகரவே மாட்டேனென்கிறது, நிறுத்திவிடலாமா என்று ஆசிரியர் வேறு போனில் கேட்டிருந்தார்.

வந்தவள் பெயர் பாவாயி. பத்திரிகையில் ஊர்ப் பெயரைப் பார்த்து, தபால்காரரிடம் விசாரித்து, மாரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அவள் புருஷன் சின்னராஜ் அந்தத் தொடருக்கு அடிமையாம். கோபி செய்வதையெல்லாம் தானும் செய்வானாம். கோபி மீசையை எடுத்த வாரம் இவனும் எடுத்தான். கோபி காப்பியை விட்டதும், ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கிற மனுஷன் டீக்கு மாறினான். இப்போது கோபி வீட்டை விட்டுப் போக, அன்று சாயங்காலமே சின்னராஜும் பையைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறிவிட்டான்.

"மொளகு பறிக்கக்கூட ஆளில்லீங்க. நீங்க மனசு வெச்சா அவரு வந்துருவாருங்க."

ஆன்மேரிக்கு உடம்பு சிலிர்த்தது. பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறாள். அவள் எழுத்தைப் படித்து ஒருத்தன் மீசையை எடுத்தான் என்று இதுவரை கேள்விப்பட்டதில்லை. பாவாயி போனதும் உட்கார்ந்து ஒரே மூச்சில் கோபியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள்.

அடுத்த வாரம் பாவாயி மறுபடி வந்தாள். சின்னராஜ் வந்துவிட்டானாம். ஆனால் மாமியாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். கோபி தன் மாமியார் காலில் விழுந்தான். அதற்கடுத்த வாரம் சின்னராஜுக்கு ஏதோ வேண்டுதல் பாக்கி என்றாள். கோபி நடந்தே சேர்வராயன் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டான். பிறகு, முன்பின் எந்தக் காரணமும் இல்லாமல், தையல் கற்றுக்கொண்டான்.

கதை கெட்டுக் குட்டிச்சுவராகிறதே என்று ஆன்மேரி உள்ளுக்குள் பயந்தாள். ஆசிரியரிடமிருந்து போன் வந்தது. அடுத்து கோபி என்ன செய்வான் என்று யாராலும் ஊகிக்க முடியவில்லை, கடிதங்கள் குவிகின்றன, இன்னும் இருபது வாரம் எழுதுங்கள் என்றார்.

ஒரு குடும்பத்தையே கைதூக்கி விட்டோம் என்ற நிறைவு அவளுக்கு. அந்தச் சின்னராஜை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட ஆசைப்பட்டாள். கோபி ஒரு பேக்கரி வைக்க வேண்டும் என்று பாவாயி கேட்டுவிட்டுப் போன மறுநாள், ஆன்மேரி மாரமங்கலத்தில் போய் இறங்கினாள்.

பஸ் நிற்கிற இடத்தில் மாரிசாமி என்பவரின் டீக்கடை. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் அவளுடைய தொடர் வந்த இதழைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒரு டீ வாங்கிக்கொண்டு, பாவாயியின் வீட்டுக்காரர் சின்னராஜைப் பார்க்க வேண்டும் என்றாள்.

மாரிசாமி டீ ஆற்றுவதை நிறுத்தினார். "பாவாயிக்கு ஏதுங்க ஊட்டுக்காரரு? அது கல்யாணமே கட்டிக்கலீங்களே."

மாரிசாமி கீழ்ப்பக்கம் கை காட்டினார்.

"கோழிச் சத்தம் கேக்குதில்லீங்க, அதுதான் அது ஊடு. இந்தக் கதையில அடுத்த வாரம் கோபி என்ன பண்ணுவான்னு நாங்க ஆளுக்கொரு கோழி பந்தயம் கட்டறமுங்க. ஒரு மாசமா அதுவேதான் செயிக்குது. எப்படித்தான் கண்டுபிடிக்குதோ, ஊர்ல பாதிக் கோழி இப்ப அங்கதானுங்க."

ஆன்மேரி மிச்சமிருந்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள். வெளியூர்க்காரர்களும் பந்தயம் கட்டலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றார் மாரிசாமி.

"அப்ப என் பேர்ல நாலு கோழி எழுதிக்குங்க. அடுத்த வாரம் கோபியைக் காட்டுமாடு முட்டும்."