இரண்டு கட்டைவிரல்கள்

பற்பசையைக்கூடப் பிதுக்க முடியாமல் போன அன்றைக்குத்தான் மரகதவல்லி லீவு போட்டாள். மசாஜ் நிலையத்தில் பதினொரு வருடமாக ஊரார் முதுகையெல்லாம் பிடித்துவிட்ட கை அது. கட்டைவிரல் வலிக்கிறது என்று சொன்னால் முதலாளி வேறு ஆள் பார்த்துவிடுவார். அதனால் ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு மசாஜ் நிலையத்துக்குப் போய், பேங்கில் வேலை என்று எழுதிக்கொடுத்துவிட்டு, வலது கையை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

பிடித்துவிட வந்த ஜெனிட்டா, எண்ணெய் ஊறிப்போயிருந்த அந்த உள்ளங்கையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“எந்தப் பேங்க்குலங்க்கா எண்ணெயைத் தொட்டு நோட்டு எண்றாங்க?”

மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டு அவள் அழுத்துவதைக் கவனித்தாள். நாலு விரலும் மாங்கு மாங்கென்று உழைத்தன. கட்டைவிரல் மட்டும் பட்டும் படாமலும் நழுவிக்கொண்டே இருந்தது.

“உனக்கு எத்தனை மாசமா இந்த வலி?” என்று கேட்டாள்.

ஜெனிட்டா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஆறு மாசமுங்க்கா. சார்கிட்டச் சொல்லிப்போடாதீங்க.”

“நான் எதுக்குச் சொல்றேன்? கையக் குடு.”

மரகதவல்லி எழுந்து உட்கார்ந்தாள். ஒருவர் வலது கட்டைவிரலை மற்றவர் இடது கையால் பிடித்து நீவத் தொடங்கினார்கள். “அங்கதான், அங்கதான்” என்று இருவருமே முனகினார்கள்.

கதவு தட்டப்பட்டது. “ஜெனிட்டா, நேரமாச்சு!”

“இன்னும் அரைமணி நேரம் ஆகுங்க சார். அக்காவுக்கு வலி ஜாஸ்தி” என்றாள் ஜெனிட்டா, தன் விரலை இழுத்துக்கொள்ளாமலே.