சேர்ந்த நாள் முகம்

அந்த அலுவலகத்தில் கதவைத் திறப்பது ஓர் இயந்திரம். வேலையில் சேரும் அன்று முகத்தைப் படம் பிடித்துக்கொள்ளும். தினமும் அதே முகத்தைக் காட்டினால்தான் வருகை பதிவாகும். அருளப்பன் சேர்ந்த அன்று வாய்கொள்ளாமல் சிரித்திருந்தார். பதினோரு ஆண்டுகள் மாத இலக்குகளைத் துரத்திய பிறகு, ஒரு திங்கட்கிழமை, இயந்திரம் ‘ஆள் தெரியவில்லை’ என்றது. செவ்வாயும் அதையே சொன்னது. மூன்றாவது முறை சொன்னால் வேலை இல்லை என்று கடிதமே வந்துவிட்டது.

புதன்கிழமை காவலாளி செல்லையா கெஞ்சினார்.

“சிரிங்க சார்.”

“சிரிச்சிட்டுத்தான்யா இருக்கேன்.”

“இதுவா? பல்லுதான் தெரியுது.”

செல்லையா தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மேலாளர் மாதிரி நடந்து காட்டினார். வரிசையில் நின்ற ஏழு பேரும் சிரித்தார்கள். இயந்திரமே அடக்கமாட்டாமல் இரண்டு தரம் கதவைத் திறந்து மூடியது. அருளப்பனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“விடுங்க சார், இப்ப இருக்கற மூஞ்சியையே புதுசாப் பதிஞ்சிரலாம். ஒரு நிமிஷ வேலை.”

“பழசு?”

“அது அழிஞ்சிரும்.”

பின்னால் சத்தம் அடங்கியது. ஏழு பேரும் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து, தங்கள் சேர்ந்த நாள் முகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இரு செல்லையா, இன்னொரு தடவை பாத்துடறேன்,” என்ற அருளப்பன், இயந்திரத்தின் முன்னால் போய் நின்று கண்களை மூடிக்கொண்டார்.