குர்ஸ் பாதி

சுவிஸில், லுசேர்ண் ஏரிக்கரையில் இருக்கும் அந்தச் சிறிய உணவகத்தின் சமையலறையில் மதியப் பரபரப்பு ஓய்ந்திருக்கிறது. 1986ஆம் ஆண்டுக் கலண்டருக்குக் கீழே, கழுவி அடுக்கிய கோப்பைகளில் ஏரி வெளிச்சம் ஆடுகிறது. முதலாளியம்மா புத்தம் புதிய சமையற்காரத் தொப்பி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கோப்பை கழுவும் சச்சிதானந்தனைச் சமையல் பழக அனுப்பப் போகிறாராம். செலவில் பாதியை உணவகச் சங்கம் தருமாம். எல்லாவற்றையும் டொச்சில், ஜேர்மன் மொழியில், மளமளவென்று சொல்கிறார். அவனுக்குப் பிடிபடுவது ‘குர்ஸ்’ என்ற சொல்லும், காற்றை நடுவே வெட்டிக் காட்டும் அவர் கையும்தான். அந்த மொழியில் பயிற்சி வகுப்பும் குர்ஸ், நாணய மாற்று விலையும் குர்ஸ். மாதாமாதம் ஊருக்குக் காசு அனுப்புகிறவன் வங்கிப் பலகையில் பார்த்துப் பழகியது இரண்டாவதை மட்டும். “குர்ஸ் பாதியாப் போச்சாம் அண்ணை,” என்கிறான், பக்கத்தில் கிழங்கு உரிக்கும் தயாநிதியிடம். “அப்ப ஏன் இந்த மனிசி சிரிக்கிறா?” என்கிறார் அவர். “குர்ஸ், யா?” முதலாளியம்மா தொப்பியை அவன் பக்கம் நீட்டுகிறார். “நைன், நைன்!” வேண்டவே வேண்டாம் என்று ஈரக் கைகளை ஆட்டுகிறான்; சவர்க்கார நுரை நிலத்தில் சிந்துகிறது. முதலாளியம்மாவின் சிரிப்பு மெல்லக் கலைகிறது. தொப்பியை மடித்து இழுப்பறைக்குள் வைத்து மூடுகிறார். தயாநிதியின் கையில் கிழங்கு பாதித் தோலோடு நிற்கிறது.

“அது சரி தம்பி, தொப்பி ஆருக்காம்?”