தேய்த்த கை

டொரொண்டோவில் கோழி வெட்டும் பக்டரிக்கு வான் வண்டியில் ஆள் ஏற்றுகிற குகநேசன் முகத்தைப் பார்க்க மாட்டான், உள்ளங்கையைத்தான் தடவிப் பார்ப்பான். நேற்று யோகமலரின் மகன் நிரோஜனின் கையைத் தடவிவிட்டுச் சிரித்தான். “அக்கா, இது கொம்பியூட்டர் படிச்ச கை. பஞ்சு. மத்தியானம் வரைக்கும் தாங்காது.”

படிப்பை முடித்ததிலிருந்து நிரோஜன் ஏறி இறங்காத கம்பனி இல்லை. இப்போது சாப்பிடக்கூட அறையை விட்டு வருவதில்லை. கடைசியில் கோழியும் அவனை வேண்டாம் என்றுவிட்டது.

விடியமுன் யோகமலர் அவனைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தி, குதிக்கால் தேய்க்கும் கல்லால் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்தாள். அதே பக்டரியில் காய்த்துப்போன கை அவளுடையது, இரும்பாய் அழுத்தியது.

“அம்மா, நோகுது.”

“நோகட்டும். வீட்டில சும்மா கிடக்கிறது நோகேல்லையோ?”

அவன் மற்றக் கையையும் விரித்து நீட்டினான்.

வானடியில் குகநேசன் அந்தக் கையைப் பிடித்ததும் உதறினான். “என்னக்கா உது, தோல் உரிஞ்சு ரத்தம் கசியுது! இறைச்சி தொடுற இடம். காயக் கையோட போனா வாசலிலயே மறிச்சுப்போடுவாங்கள். இவ்வளவு காலம் வாறியள், உங்களுக்குத் தெரியாதே?”

அவளுக்குத் தெரியும். கல்லை எடுத்தபோது அது மட்டும் நினைவில் வரவில்லை.

“நீங்களாவது ஏறுங்கோ, நேரம் போகுது,” என்றான் குகநேசன்.

ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றவளை நிரோஜனே உள்ளே தள்ளி, கதவைச் சாத்தினான். கண்ணாடியில் அவன் கை சிவப்பாய்ப் பதிந்திருந்தது. யோகமலர் உள்ளிருந்து சால்வைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அது வெளிப்பக்கம் இருந்தது.