பத்துக்கு எவ்வளவு?

புற்றுநோய் மருத்துவமனை கொடுத்த செயலிக்குக் காலை எட்டு மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். அவன் கைப்பேசியோடு மனைவியின் பின்னாலேயே சமையலறையில் சுற்றினான்.

“நல்லா தூங்கினியா?”

“அடிச்சுப் போட்ட மாதிரி.”

“வலி, பத்துக்கு எவ்வளவு?”

“பூஜ்யம். உன் நச்சரிப்புக்கு மட்டும் பத்து.”

“பசி?”

“யானைப் பசி.”

அப்படியே பதிந்தான். திரை பச்சையாகவே இருந்தது. சிவப்பானால் வார்டில் சேர்த்துவிடுவார்கள். போன முறை பக்கத்துக் கட்டில் காலியானதை அவனால் மறக்க முடியவில்லை.

“காய்ச்சல்?”

அவள் அடுப்பை அணைத்தாள். “நூத்தி ரெண்டு.”

பதறிப்போய் அவள் நெற்றியைத் தொட்டான். சில்லென்றிருந்தது. “விளையாடாத.”

“என் நெத்தியை ஏன் தொடுற? கீமோ எனக்கா ஏத்துறாங்க? ரெண்டு வாரமா என் உடம்பை உன் பேர்ல அனுப்பிட்டிருக்க. விடியக்காலைல நீ அனத்தினப்ப தெர்மாமீட்டர் வெச்சது நான்.”

அவன் கைப்பேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“தினமும் நான் சொல்றதைத்தானே போடுற? இதையும் போடு.”

போட்டான். திரை சிவந்தது. கட்டி வைத்திருந்த இரண்டு பைகளை அவள் எடுத்து வந்தாள்.

“பக்கத்துக் கட்டிலைப் பாக்காத. நடுவுல நான் உக்காந்துக்கறேன்.”