ஒரு பிள்ளை விலகினால்

குற்றாலிங்கம் தினமும் தெருமுனையில் நின்று, கடைசிப் பிள்ளையும் பள்ளி வேனில் ஏறிப்போன பிறகுதான் காப்பி குடிப்பார். புதிய திட்டப்படி, தெருப்பிள்ளைகள் அனைவரும் அரசு மானியத்தில் தனியார் பள்ளிக்குச் சென்றால் அத்தெருவுக்கே வீட்டுவரி கிடையாது. ஒரு பிள்ளை விலகினாலும் எல்லா வீடுகளும் முழுவரி கட்ட வேண்டும். வரி வந்தால், கட்ட வழியில்லாத அவருடைய வீடு ஏலத்துக்குப் போய்விடும். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

அன்று செண்பகவல்லியின் மகள் யாழினி வாசற்கம்பியைக் கட்டிக்கொண்டு நகர மறுத்தாள்.

“அண்ணாச்சி, அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனதுலருந்து புள்ள வாயே தொறக்க மாட்டேங்கா. கவர்மென்ட் பள்ளிக்கூடத்துலயே திரும்பச் சேத்துருதேன்” என்று தாய் கைகூப்பினாள்.

“ஒம்புள்ள நல்லதுக்குத்தாம்மா சொல்லுதேன். படிப்பு பாழாப் போயிரும்லா!”

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். அண்டை வீட்டார் சூழ்ந்து நிற்க, அவரே குழந்தையைப் பிய்த்தெடுத்து வேனுக்குத் தூக்கிச் சென்றார். அவள் அழவில்லை. ஆனால் அவர் சட்டை வெதுவெதுப்பாக ஈரமாயிற்று. பயத்தில் குழந்தை சிறுநீர் கழித்திருந்தாள். தம்மைக் கண்டு ஒரு பிள்ளை இப்படி நடுங்கியதை அவரால் தாங்க முடியவில்லை.

அவளை இறக்கிவிட்டு, வேனைப் போகச் சொன்னார். நடுத்தெருவில் அவள்முன் மண்டியிட்டார்.

“தப்புப் பண்ணிட்டேன், தாயி.”

“வரிக்கு எங்க போவீரு, அண்ணாச்சி? வேன் நிக்குத மூலையிலயா குடியிருப்பீரு?” என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார்.

குற்றாலிங்கம் யாழினியின் பையைத் தம் தோளில் மாட்டிக்கொண்டு, தாயும் மகளும் பின்தொடர, அரசுப் பள்ளியை நோக்கி நடந்தார்.